எடை மிகுந்த புரதத்தைவிடச் சோடியம் ஏன் முக்கியமாகிறது?

இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் புரதம் இருக்க, சுமார் 3 கிராம் மட்டுமே உள்ள சோடியம் ஆஸ்மோலாலிட்டியை (ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவை) தீர்மானிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்மோலாலிட்டி கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவற்றின் எடைக்கு அதில் பங்கில்லை. பிளாஸ்மாவின் முதன்மைப் புரதமான அல்புமினின் மூலக்கூறு ஒன்று சோடியம் அயனியைப்போல் ஏறக்குறைய 2,900 மடங்கு நிறையுடையது என்பதால், அத்தனை புரதமும் சேர்ந்து ஒரு கிலோ நீருக்கு 1 மில்லிஆஸ்மோல் (துகள் எண்ணிக்கையை அளக்கும் அலகு) அளவே தருகிறது. சோடியமும் அதனுடன் இருக்கும் குளோரைடு, பைகார்பனேட் அயனிகளுமோ இயல்பான 275–295 மில்லிஆஸ்மோலில் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன. குளுக்கோசும் யூரியாவும் தலா 5 அளவில்தான்.

ஆனால் ஆஸ்மோலாலிட்டி உயர்ந்தாலே செல்சவ்வு வழியே நீர் இடம்பெயரும் என்று கொள்ளக் கூடாது. பலரும் தவறவிடுவது இதைத்தான். மெல்ல உயரும் யூரியா செல்சவ்வைக் கடந்து இருபுறமும் சமமாகிவிடுவதால் நீரை இழுப்பதில்லை. இன்சுலின் குறைந்த நீரிழிவிலோ குளுக்கோஸ் செல்லுக்கு வெளியே தேங்கி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அதனால் இரத்தச் சோடியம் நீர்த்துக் குறைவாகக் காட்டும்.

மிக நுண்ணிய இரத்தக் குழாயான தந்துகியின் சுவரில் நிலைமை தலைகீழ். சோடியமும் குளுக்கோசும் அச்சுவரை எளிதில் கடந்துவிட, கடக்க இயலாத புரதமே சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தை உண்டாக்கி நீரைக் குழாய்க்குள் பிடித்துவைக்கிறது. சிறுநீரில் அல்புமின் மிகுதியாக வெளியேறும் நெஃப்ரோடிக் நோயில் கால் வீங்குவதற்கு, சிறுநீரகம் உப்பைத் தேக்குவதோடு இந்த இழப்பும் ஒரு காரணம். அதே நோயாளியின் ஆஸ்மோலாலிட்டி இயல்பாகவே இருக்கலாம்.