கேஸ் தீர்ந்துபோகாது, ஒழுகும்

செப்டம்பர் 16 ஓசோன் தினம். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைக் காக்க, 1987-இல் அதே தேதியில்தான் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சாக்கில் ஏசி, ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரே பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எட்டுப் பக்கம் எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாவற்றையும் நறுக்கியிருக்கிறேன்.

ஒரே அளவு டியோடரன்ட். ஒன்று 190 ரூபாய். இன்னொன்று பச்சை இலை படம் போட்டு, 'ஓசோனைப் பாதிக்காதது, சிஎஃப்சி அற்றது' என்று 260 ரூபாய். இலை போட்டதை வாங்கினேன். சரிதானே?
– வி. கா., ஈரோடு

எழுபது ரூபாய் இலைக்குப் போயிற்று. ஸ்ப்ரே டப்பாவுக்குள் இருப்பதை வெளியே தள்ள ஒரு காலத்தில் ஓசோனைக் கெடுக்கும் சிஎஃப்சி (குளோரோஃப்ளூரோகார்பன்) வாயுவைத்தான் அடைத்தார்கள். அமெரிக்கா 1978-லேயே பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் அதைத் தடை செய்தது. இந்தியாவில் 2010 தொடக்கத்தோடு அதன் கதை முடிந்தது. ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலருக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது. ஆக, 190 ரூபாய் டப்பாவும் 'சிஎஃப்சி அற்றது'தான். உப்புப் பொட்டலத்தில் 'கொழுப்பு இல்லை' என்று அச்சடிப்பது போன்ற வியாபாரம் இது. இரண்டிலுமே பெரும்பாலும் இருப்பது பியூட்டேன், புரொப்பேன், அதாவது சமையல் கேஸின் சொந்தக்காரர்கள். அடுப்புப் பக்கம் நின்று அடித்துக்கொள்ளாதீர்கள்.

ஆதாரம் இல்லாமல் பச்சை வேஷம் போடும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. பொழுது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள்.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி ஆறு வருடம். நான்கு வருடமாக ஒவ்வொரு சித்திரையிலும் "கேஸ் இறங்கிடுச்சும்மா" என்கிறார் மெக்கானிக். முதலில் 2,800, அப்புறம் 3,000, 3,200, இந்த வருடம் 3,500. வீட்டில் நானும் மாமியாரும்தான். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகி, கடலூர்

அம்மா, உங்களிடம் 12,500 ரூபாய் பிடுங்கியிருக்கிறார்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருடமாக அரிப்பு, அதனால் கொஞ்சம் நீளும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உள்ளே விரிந்து அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெளியே கம்ப்ரஸரில் அமுங்கி அந்தச் சூட்டைக் கக்கும். பத்து வருடம் ஆனாலும் அது குறையக் கூடாது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, பொத்தல் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி கேட்பது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 2008-இல் ஒரு பழைய விண்டோ ஏசியை 'சல்லிசு' என்று வாங்கி, மூன்று கோடை கேஸ் அடித்தேன். அடித்த காசில் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். நான்காவது வருடம் வந்த ஒரு பையன் சோப்பு நுரையைத் தடவி, செப்புக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் காட்டினான். பத்து நிமிஷ வேலை. அதுவரை வந்தவர்களில் ஒருவர்கூட நுரை கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த முறை வருபவரிடம் இதைக் கேளுங்கள். முதலில் ஃபில்டரைக் கழுவிவிட்டுப் பார்க்கட்டும், தூசி அடைத்தாலும் குளிர் வராது. கேஸ்தான் குறைவு என்றால், நைட்ரஜன் ஏற்றி பிரஷர் பிடித்து, நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிக்கட்டும். ஸ்ப்ளிட் ஏசியில் வெளி யூனிட்டுக்குப் போகும் செப்புக் குழாயின் நட்டு பெரும்பாலும் முதல் குற்றவாளி; உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு உள்ளிருக்கும் சுருள் குழாயே (காயில்) அரித்துப்போவதும் உண்டு. அடைத்த பிறகு வாக்வம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். கடைசியாக, யூனிட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அதைத் தராசில் வைத்து நிறுத்து ஏற்ற வேண்டும். தராசே இல்லாமல் வந்து, குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்மா, ஐஸ் மாதிரி இருக்கு" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான்கு வருடமாக ஒழுகியது எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. மேலே போயிற்று. எந்தக் கேஸ் என்பதை ஸ்டிக்கரில் பாருங்கள். உங்களுடையது ஆர்-22 வகைக் கேஸ் என்றால் அதில் குளோரின் உண்டு, ஓசோனைத் தின்னும். பழைய சிஎஃப்சியோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான் தின்னும், ஆனால் தின்னும். ஆர்-410ஏ, ஆர்-32 என்றால் குளோரின் இல்லை, ஓசோன் தப்பித்தது. ஆனால் ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால் இரண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரே ஓட்டைக்கு உங்களிடமும் காசு, வானத்திடமும் காசு.

பில் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஜிபே ரசீதாவது இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம், நீங்கள் கொடுத்த காசு ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915. அதற்கும் முன்னால் மெக்கானிக்கை மாற்றுங்கள்.

ஸ்டாக் கிளியரன்ஸில் புது ஏசி, கிட்டத்தட்ட பாதி விலை. மாட்டிய பிறகுதான் ஆர்-22 என்று தெரிந்தது. கடைக்காரர் ஏன் சொல்லவில்லை? பில்லும் தரவில்லை.
– ஜெ. பி., சேலம்

ஸ்டிக்கர் சொல்லியிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை. பில் கேட்டீர்களா என்று நான் கேட்க மாட்டேன், பதில் எனக்கே தெரியும்.

இந்தியாவில் 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு எச்சிஎஃப்சி வகைக் கேஸில் (சிஎஃப்சியின் தம்பி, ஓசோனைக் கொஞ்சம் குறைவாகத் தின்பது) புது ஏசி தயாரிக்கவே கூடாது. ஆர்-22 அந்த வகைதான். வளரும் நாடுகளுக்கான மான்ட்ரியல் கணக்குப்படி 2025-இல் அதன் பயன்பாடு மூன்றில் இரண்டு பங்கு குறைய வேண்டும், 2030-இல் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் பழைய மெஷின்களைப் பழுதுபார்க்க மட்டும் சொட்டுச் சொட்டாக 2040 வரை. வரத்து குறைந்தால் விலை என்ன ஆகும்? அதனால்தான் பாதி விலை. மீதிப் பாதியைப் பின்னால் கேஸ் விலையாகக் கொடுப்பீர்கள்.

அப்பாவின் பழைய ஆர்-22 ஏசியில் "அந்தக் கேஸ் இப்ப கிடைக்காது, இதுவும் அதேதான்" என்று வேறு ஏதோ சிலிண்டரிலிருந்து அடித்துவிட்டுப் போனார்கள். இப்போது கம்ப்ரஸர் விசித்திரமாகச் சத்தம் போடுகிறது.
– ந. தே., நாகர்கோவில்

உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மற்றது பிறகு.

"இதுவும் அதேதான்" என்று ஒன்று கிடையாது. ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. பழைய மெஷின் அதற்குச் செய்யப்பட்டதல்ல. கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 என்பது புரொப்பேனேதான். போலிச் சிலிண்டர் என்றால் இன்னும் மோசம். 2011-இல் வியட்நாமில் கேஸ் மாற்றிய குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். உள்ளே கலந்திருந்தது மீத்தைல் குளோரைடு. அது அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் பொருளாக மாறும்.

அப்பாவைத் திட்டாதீர்கள். சிலிண்டரைப் பார்த்து எந்தக் கேஸ் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் ஆளை வரச் சொல்லி, உள்ளே இருப்பதைத் திறந்து ஊதிவிடாமல் தனிச் சிலிண்டரில் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

1993-இல் கல்யாணச் சீராக வந்த ஃப்ரிட்ஜ். இன்னும் ஓடுகிறது. காயலான்கடைக்காரர் 900 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– சு. ல., காரைக்குடி

கொடுத்தால் அவர் முதலில் செய்வது கட்டிங் பிளேயரால் குழாயை வெட்டுவது. 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் குழாயில் இருப்பது சிஎஃப்சி-12. சுவருக்குள் இருக்கும் ஃபோம் சிஎஃப்சி-11 கொண்டு ஊதியது. 1920-களில் ஃப்ரிட்ஜுக்குள் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு இவைதான் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் செத்தார்கள். 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் சிஎஃப்சியைக் கொண்டுவந்தார்கள். விஷம் இல்லை, தீப்பிடிக்காது, எதோடும் ஒட்டாது. இதைவிட நல்ல பொருள் சந்தைக்கு வந்ததே இல்லை என்று அன்றைக்கு நானும் எழுதியிருப்பேன். (பெட்ரோலில் ஈயத்தைக் கலந்ததும் இதே மிட்ஜ்லிதான். ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்திருக்கிறது உலகம்.)

எதோடும் ஒட்டாது என்பதுதான் வினை. கீழே எதுவும் அதை உடைக்காது, மழையும் கழுவாது. சிஎஃப்சி-12 நூறு வருடம் காற்றில் இருக்கும். மெதுவாக ஏறி, பதினைந்து முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் படலத்தை எட்டும். அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணு விடுபடும். ஓர் அணு ஓசோனை உடைக்கும், வேலை முடிந்து மறுபடி தனியாக வெளியே வரும், அடுத்ததைப் பிடிக்கும். செயலிழப்பதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுவரை தீர்த்துவிடும். ரோலண்ட், மொலினா என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1974-இல் இதைச் சொன்னபோது கம்பெனிகள் அவர்களைக் கேலி செய்தன. 1985-இல் அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்திலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் மூவர் அளவெடுத்துக் காட்டினார்கள், வசந்தகாலத்து ஓசோன் பெருமளவு காணோம். பத்து வருடம் கழித்து ரோலண்டுக்கும் மொலினாவுக்கும் நோபல் பரிசு.

இவ்வளவு தெரிந்தும் திருட்டு நிற்கவில்லை. தடை செய்த சிஎஃப்சி-11 மறுபடி காற்றில் வருகிறது என்று 2018-இல் கண்டுபிடித்து, கணிசமான பகுதியைக் கிழக்குச் சீனாவரை தடம் பிடித்தார்கள். மலிவு ஃபோம் செய்ய யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். மலிவு என்றாலே எனக்குக் கை நடுங்குவது இதனால்தான்.

சீர் ஃப்ரிட்ஜை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ, புதுசு வாங்கும் கடையின் எக்ஸ்சேஞ்சிலோ கொடுங்கள். அங்கேயும் "கேஸை இழுத்து எடுப்பீர்களா" என்று கேளுங்கள். விலை 900-ஐவிடக் குறையலாம், குறையட்டும். புதியதில் ஆர்-600ஏ இருக்கிறதா பாருங்கள். ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும், ஆனால் உள்ளே இருப்பது வழக்கமாக நூறு கிராமுக்குள்தான்.

ஓசோன் ஓட்டையால் வெயில் கொடுமை என்கிறார்களே, ரோட்டோரத்தில் 150 ரூபாய் கறுப்புக் கண்ணாடி போதுமா?
– அ. ர., வேலூர்

வேலூர் வெயிலுக்கு ஓட்டை தேவையில்லை. ஓட்டை இருப்பது அன்டார்க்டிகா மேலே, செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கடுங்குளிரில் அங்கே உண்டாகும் மேகங்கள் மீதுதான் குளோரின் அவ்வளவு வேகமாக வேலை செய்யும். நம் பக்கம் ஓசோன் இயற்கையாகவே மெல்லியது, சூரியன் உச்சந்தலையில். புற ஊதா பி கதிர் நமக்கு எப்போதுமே அதிகம்தான். படலம் மெலிந்தால் அது இன்னும் கூடும். கண்புரை, தோல் புற்றுநோய், பயிர், கடலின் மிதவைப் பாசி என்று வரிசையாக அடி விழும்.

150 ரூபாய்க் கண்ணாடி கறுப்பாக மட்டும் இருந்து கதிரைத் தடுக்காவிட்டால், போடாததைவிடக் கெடுதல். இருட்டுக்குக் கண்மணி விரியும், கதிர் தாராளமாக உள்ளே போகும். கண்ணாடிக் கடையில் 'யுவி 400', அதாவது புற ஊதாவைத் தடுப்பது, என்று மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஓசோன் நல்லது என்றால், காய்கறி கழுவும் ஓசோன் மெஷினும் அறையைச் சுத்தம் செய்யும் ஓசோன் மெஷினும் வாங்கலாமா? சேர்த்து வாங்கினால் தள்ளுபடி.
– மா. செ., கோயம்புத்தூர்

வேண்டாம். ஓசோன் மேலே இருந்தால் குடை, மூக்குக்குள் போனால் நுரையீரலை அரிக்கும். அறையில் ஆள் தாங்குகிற அளவுக்கு விட்டால் காற்று சுத்தமாகாது, சுத்தமாகிற அளவுக்கு விட்டால் ஆள் தாங்க மாட்டார்.

காய்கறி மெஷின் என்னிடம் இருக்கிறது, 5,400 ரூபாய். இரண்டு வாரம் கொத்தமல்லி கழுவினேன். இப்போது அதன் மேல் ஊறுகாய் ஜாடி இருக்கிறது, நன்றாகத்தான் தாங்குகிறது.

ஓட்டை அடைபட்டுவிட்டதா?
– இ. மு., திருநெல்வேலி

இன்னும் இல்லை, அடைபட்டு வருகிறது. இப்போதைய தடைகள் தொடர்ந்தால் அன்டார்க்டிகாவில் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022-இன் ஐ.நா. மதிப்பீடு. நம் பக்கம் 2040 வாக்கில்.

அப்படியானால் இனி எந்த ஏசி வாங்குவது? ஒரே வரியில் சொல்லவும்.
– பெயர் வேண்டாம், சென்னை

ஆர்-32 அல்லது ஆர்-290. மாட்ட வருபவர் கையில் வாக்வம் பம்ப் இல்லாவிட்டால் ஒரு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு வரி ஆகிவிட்டது.