சிங்கப்பூருக்கு வரிபாக்கியுடன் மீண்டும் போகலாமா?

சிங்கப்பூரில் வேலை பார்த்து, இரண்டு ஆண்டுக்கு முன் வரி கட்டாமல் ஊர் திரும்பிவிட்ட நீங்கள், மீண்டும் அங்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். வரிபாக்கிக்காகச் சிங்கப்பூரில் விதிக்கப்படும் பயணத் தடை உத்தரவு, நாட்டுக்குள் நுழைவதை அல்ல, நாட்டைவிட்டு வெளியேறுவதையே தடுக்கிறது. ஆகவே, நீங்கள் அஞ்ச வேண்டியது இறங்கும் நாளை அல்ல, விடுமுறைக்கு ஊர் திரும்ப விமான நிலையம் போகும் நாளைத்தான்.

வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முதலாளி, அவருடைய வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தைத் தாக்கல் செய்து, கொடுக்க வேண்டிய பணத்தைப் பிடித்துவைக்க வேண்டும். நீங்கள் சம்பளம் வாங்கிய கையோடு திடீரென்று கிளம்பியதால், பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். வரி அறிவிப்பும் பழைய வாடகை முகவரிக்கே போயிருக்கலாம்.

பயணச்சீட்டு எடுக்கும் முன், பழைய ஃபின் எண்ணை (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) குறிப்பிட்டு, சிங்கப்பூரின் வரித்துறையான உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் நிலுவைத் தொகையையும் தடை உத்தரவு உள்ளதா என்பதையும் எழுத்துமூலம் கேளுங்கள். தாமத அபராதம் முதலில் 5 விழுக்காடு. பிறகு மாதந்தோறும் 1 விழுக்காடு கூடி, அந்தக் கூடுதல் 12 விழுக்காடு வரை போகும். பழைய முதலாளியிடம் வாய்மொழியாகக் கேட்டு நிம்மதியடைவது போதாது.

ஒன்று மட்டும்: வேலை அனுமதியை முடிவு செய்வது மனிதவள அமைச்சு, வரியைக் கட்டிவிட்டதாலேயே அது கிடைத்துவிடாது.