மை ஊறாத நோட்டு எங்கே கிடைக்கும்?

இங்க் பேனாவைப் பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்களைப் பிரித்தால், பாதிக்கு மேல் பேனாவைப் பற்றியே இல்லை. எல்லாம் நோட்டைப் பற்றிய புகார்கள். இந்த வாரம் அவை மட்டும்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் இங்க் பேனா கட்டாயம். வாங்கிய நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் எழுத முடியவில்லை. 60, 70 ரூபாய்க்குள் நல்ல நோட்டு உண்டா?
– வாசகி, பொள்ளாச்சி

உண்டு. ஆனால் ஒரு பெயரைச் சொல்லி "இதை வாங்குங்கள்" என்று சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனி, ஒரே அட்டை. ஜூனில் வாங்கியதில் மை அழகாக நின்றது, அக்டோபரில் வாங்கியதில் பரவியது. எனக்கே நடந்திருக்கிறது. உள்ளே வைக்கும் தாள் எப்போதும் ஒரே மாதிரி வருவதில்லை.

அதனால் முதலில் ஒரே ஒரு நோட்டு வாங்குங்கள். மகளின் பேனாவில், அவள் வழக்கமாக ஊற்றும் மையிலேயே, கடைசிப் பக்கத்தில் "இளைஞர்" என்று பள்ளிக்கூட அளவில் எழுதச் சொல்லுங்கள். இ, ளை, ஞ மூன்றிலும் சுழி உண்டு. சுழிகளுக்குள் வெள்ளை தெரிந்தால் தாள் நல்லது. மை போய் அடைத்துக்கொண்டாலோ, கோட்டின் ஓரத்தில் பூனைமுடி மாதிரி கிளம்பினாலோ அந்த நோட்டு வேண்டாம். அரை நிமிடம் கழித்துத் தாளைத் திருப்புங்கள். நிழல் மாதிரி தெரிவது பரவாயில்லை, மறுபக்கமும் எழுதலாம். புள்ளி புள்ளியாக மை எட்டிப் பார்க்கக் கூடாது. தாளின் இரண்டு பக்கமும் ஒரே குணத்தில் இருக்காது, ஆகவே மறுபக்கத்திலும் எழுதிப் பாருங்கள். தேறினால் அன்றைக்கே திரும்பப் போய், பின்னட்டையில் அதே மாதமும் வருடமும் அச்சிட்ட நோட்டுகளாகப் பார்த்து ஒரு டஜன் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், நிப்பையும் பாருங்கள். தடித்த நிப்பு மையைக் கொட்டும். மெல்லிய நிப்புக்கு மாறினாலே பல சாதாரண நோட்டுகள் தேறிவிடும்.

கடையில் 70 ஜிஎஸ்எம், 100 ஜிஎஸ்எம் என்று சொல்கிறார்கள். இங்க் பேனாவுக்கு எத்தனை ஜிஎஸ்எம் வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜிஎஸ்எம் என்பது எடை. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அது. மை ஊறுமா, நிற்குமா என்பதை அந்த எண் சொல்லாது. மையை ஒற்றி எடுக்கும் பிளாட்டிங் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுத் தாளைவிடத் தடிமன், எடையும் அதிகம். அதில் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு பக்கம் ஜப்பானின் தொமோயே ரிவர் தாள். வெறும் 52 ஜிஎஸ்எம், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். உலகம் முழுக்க இங்க் பேனாக்காரர்கள் தேடித் தேடி வாங்குவது அதைத்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், தாள் என்பது மரநார், அல்லது கரும்புச் சக்கையின் நார். நார் தண்ணீரை இழுக்கும். இங்க் பேனா மை பெரும்பாலும் தண்ணீர்தான். நார் மையைக் குடிக்காமல் இருக்க, ஆலையில் ரோசின், ஸ்டார்ச் போன்ற பசைப் பொருளைக் கூழிலேயே கலப்பார்கள், அல்லது தாளின் மேல் பூசுவார்கள். தொழிலில் இதற்கு சைஸிங் என்று பெயர். அது சரியாக இருந்தால் மெல்லிய தாளும் மையைத் தாங்கும். அது குறைந்தால் எவ்வளவு தடித்த தாளும் உறிஞ்சும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை மாதிரியானது, எந்தத் தாளிலும் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடமெல்லாம் பால்பாயிண்டுக்குப் போன பிறகு, நோட்டில் மை பரவுகிறது என்று கேட்க ஆளில்லாமல் போனது.

கடைக்காரர் எண்ணைச் சொல்கிறார், நாமும் எண்ணைக் கேட்டு நிம்மதியடைகிறோம். இது எனக்கு ஆறாத கோபம். இரண்டு வருடம் முன்னால் நானே அட்டையில் 120 என்று போட்டிருந்ததை நம்பி, கயிறு கட்டிய தோல் அட்டை நோட்டு ஆறு வாங்கினேன், 2,100 ரூபாய். உள்ளே கையால் செய்த தாள், பஞ்சு மாதிரி. பெயர் எழுதிய முதல் பக்கத்திலேயே மை நான்காம் தாள் வரை இறங்கியது. ஆறில் ஐந்தை வரையப் பழகும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். பென்சிலுக்கு அருமையான தாள். என் பணம் போனது போனதுதான்.

எண்ணைக் கேட்காதீர்கள். எழுதிப் பாருங்கள்.

இணையத்தில் நாலரை நட்சத்திரம் பார்த்து 24 நோட்டு வாங்கினேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் மை பரவுகிறது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதாம். நஷ்ட ஈடு கேட்கலாமா?
– வாசகர், ஓசூர்

முடியாது. இங்க் பேனாவுக்கு ஏற்றது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை, நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. வந்த அன்றைக்கு ஒன்றைப் பிரித்திருந்தால் 23 நோட்டின் பணம் திரும்பியிருக்கும். அத்தனையையும் பால்பாயிண்டில் எழுதித் தீருங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் மைப்பேனாவில் எழுதுபவன். கைப்பேசியில் வந்த விளம்பரத்தில் "ஜப்பான் தாள், மை ஊறவே ஊறாது" என்று போட்டிருந்ததால், ஐந்து நோட்டுக்கு 1,899 ரூபாய் அனுப்பினேன். வந்தது சாதாரண நோட்டு. தயாரித்தவர் முகவரிகூட இல்லை. கேட்டதற்கு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.
– வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. விளம்பரத்தில் எழுத்தில் கொடுத்த வாக்கை நம்பிப் பணம் கொடுத்தீர்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்னும் இருந்தால் முதலில் படம் பிடித்து வையுங்கள். பணம் அனுப்பிய விவரம், நீங்கள் கேட்டு எழுதியது, வந்த உறை, நோட்டின் நான்கு பக்கம் எல்லாவற்றையும் படமெடுங்கள். "மை ஊறவே ஊறாது" என்ற அதே வரியை அந்த நோட்டிலேயே உங்கள் பேனாவில் எழுதி, தாளைத் திருப்பி ஒரு படம். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். பொதியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாததே தனிக் குற்றம். இதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மனு எழுதத் துணை வேண்டுமானால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

900 ரூபாய் வெளிநாட்டு நோட்டு வாங்கலாமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
– வாசகி, மதுரை

வேண்டாம். அந்தப் பணத்துக்கு மூன்று ரீம் ஏ4 தாள் வரும்.

ஏ4 தாள் வாங்கி நாமே நோட்டாக பைண்ட் செய்துகொள்வது மலிவா?
– வாசகர், ஈரோடு

மலிவான வழி என்று எனக்குத் தெரிந்தது இதுதான். ரீம் சுமார் 300 ரூபாய், 500 தாள், 1,000 பக்கம். பக்கத்துக்கு முப்பது பைசா. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்து ஓடும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையின் நகல் தாள் என் பேனாவுக்கு நன்றாகவே ஒத்துவந்தது. ஆனாலும் ரீம் வாங்குமுன் ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாள் கேட்டு வாங்கி எழுதிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நான் முதல் முறை ஏ4-ஐ இரண்டாக வெட்டி, சின்ன நோட்டாகத் தைக்கக் கொடுத்தேன். வந்த நோட்டு திறந்து நிற்கவே மாட்டேன் என்றது. கையால் அழுத்திக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. தாளில் நார் ஒரு பக்கமாக ஓடும். ஏ4 நகல் தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். பாதியாக வெட்டினால் அது குறுக்கே திரும்பிவிடுகிறது. முதுகுத் தையலுக்கு இணையாக நார் ஓடினால்தான் தாள் வளைந்து கொடுக்கும். அதனால் ஏ4 அளவிலேயே பைண்ட் செய்யுங்கள். சின்னதுதான் வேண்டுமென்றால் குட்டைப் பக்கத்தில், மேலே புரட்டும் பேடாகப் போடச் சொல்லுங்கள்.

சென்னைப் பக்கம் வந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் லெட்ஜர் பேப்பர் கேளுங்கள். கணக்குப் புத்தகத்துக்காக, மையில் எழுதுவதற்கென்றே செய்யும் தாள். கோர்ட்டு மனுவுக்கு வழக்கமாக வாங்கிவந்த பச்சைத் தாளும் அந்த வகைதான்.

75 ஜிஎஸ்எம் என்று போட்ட ரீம் மெல்லிசாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், விருதுநகர்

16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். சமையலறைத் தராசில் 16 தாளை வையுங்கள், 75 கிராம் வர வேண்டும். முழு ரீம் என்றால் உறை இல்லாமல் சுமார் 2 கிலோ 340 கிராம். 2 கிலோ 180 காட்டினால் உங்களுக்கு வந்தது 70. பில் இருக்கிறதா? இருந்தால் கடைக்காரர் முன்னாலேயே நிறுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பில் வாங்குங்கள்.

பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எழுதிப் பார்க்கக் கடையில் விடுவதில்லையே?
– வாசகி, வேலூர்

விடமாட்டார்கள், அது அவர் சரக்கு. ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு அங்கேயே பிரித்து எழுதிப் பாருங்கள்.

கோடையில் நன்றாக இருந்த அதே நோட்டு, ஐப்பசி கார்த்திகையில் மை பரவுகிறது. நோட்டு கெட்டுப்போய்விட்டதா?
– வாசகர், நாகப்பட்டினம்

ஈரம் குடித்திருக்கிறது. மேசை ஓரத்திலும் ஜன்னல் பக்கத்திலும் வைக்காதீர்கள். எழுதாத நோட்டுகளைப் பாலித்தீன் பையில் சுற்றி, பீரோவில் துணிகளுக்கு நடுவே படுக்கைவசமாக வையுங்கள், தரையோடு ஒட்டிய தட்டு வேண்டாம். எழுதும்போது உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் தாளில் படும், அந்த இடத்தில் மை ஒட்டாமல் விட்டுவிட்டு வரும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனதாக நினைத்த நோட்டைத் தை மாதம் மறுபடி எடுத்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். என் நோட்டுகளில் இரண்டு அப்படித் திரும்ப வந்திருக்கின்றன.