மூன்றாவது ஷிப்ட்

அன்புள்ள ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. பஸ் ஸ்டிரைக் அன்று அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிவர கார் வாடகை 1,800 ரூபாய் ஆனது. சங்கத்தால் சந்தா வாங்கும் தலைவருக்குத்தான் லாபம். தொழிலாளிக்கோ பொதுமக்களுக்கோ என்ன கிடைத்தது? புதுச்சேரி ரோடியர் மில்லை மூட வைத்ததும் சங்கம்தானே? ஏ ஷிப்ட் முடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து எழுதுகிறேன். பிழையிருந்தால் மன்னிக்கவும்.

ர., கடலூர்

அன்புள்ள ர.,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? வாடகையை எழுதினீர்கள், அதை எழுதவில்லையே. அன்று உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன். தலைவர்கள் விஷயத்திலும் சண்டைக்கு வரமாட்டேன். என் அப்பாவுக்கு வர வேண்டிய வேலையைச் சங்கத்துக்காரர் ஒருவர் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தார். மில் மூடிய கதை பெரியது, இன்னொரு நாள் பேசலாம்.

நான் எழுத உட்கார்ந்ததே உங்கள் ஏ ஷிப்டுக்காகத்தான்.

என் தாத்தா இங்கே புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர். பையனாக இருந்தபோதே மில்லில் சேர்ந்தவர். இருட்டில் போய் இருட்டில் வருவாராம். கொல்லை முருங்கை பூத்திருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படும் என்பார். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. யார் பேசினாலும் உதட்டையே பார்ப்பார். ஆயா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நிம்மதியாகத் திட்டுவாள். ஆனால் மில் சங்கு ஊதினால் மட்டும் தலையைத் தூக்குவார். கேட்டதா, பழக்கமா, தெரியாது.

1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்களை பிரஞ்சு அரசின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. எட்டு மணி நேர வேலை இங்கே புதுச்சேரியில் சட்டமானது அடுத்த வருஷம், 1937இல். உங்கள் கடலூர் அப்போது இங்கிலீஷ்காரன் கையில். அங்கே மில்லில் வாரம் 54 மணி நேரம் வேலை வாங்கச் சட்டமே இடம் கொடுத்தது. அது 48 ஆனது 1946இல்தான். நடுவில் இருப்பது தென்பெண்ணையும் இருபது கிலோமீட்டர் சொச்சமும்.

இப்போது கணக்குப் போடுங்கள் தம்பி, கெமிஸ்ட்ரி படித்தவர்தானே. ஒரு நாளை எட்டால் வகுத்தால் மூன்று ஷிப்ட், பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு. உங்கள் கம்பெனியில் ஏ, பி, சி என்று மூன்று பேர் நிற்கிற இடத்தில் இரண்டு பேர் போதும் என்று ஆகும். அந்த மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் உண்டு, வீட்டு வாடகை உண்டு, மளிகைக் கடையில் கணக்கு உண்டு. அந்தக் கடைக்காரர் பொதுமக்கள் இல்லையா? சந்தா கட்டாத உங்களுக்கும் அந்த எட்டு மணி நேரம்தான். முதலாளி மனமிரங்கிக் கொடுத்தது என்று நினைத்துவிட்டீர்களா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா உங்கள் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் எழுந்து நின்ற பிறகு, மே தினத்தன்று வாபஸ் ஆனது. நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள், அல்லது தூங்கியிருப்பீர்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன், சரி. பஸ் ஸ்டிரைக்குக்கு இதில் பதில் இல்லை என்பீர்கள். இல்லைதான்.

அடுத்த முறை அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிவந்தால் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் வார லீவு நாளாகப் பாருங்கள். ஓ.பி. முடித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போகலாம்.