தங்கத் துகளும் புற்றுநோயும்: கேள்வி பதில்

சார், தங்க நானோ துகள் புற்றுநோயைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

கரைக்காது, சுடும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் உருவாக்கிய துகள் அது. நடுவில் சிலிக்கா, மேலே மெல்லிய தங்க உறை; மொத்தமே சுமார் 150 நானோமீட்டர். உறையின் கனத்தை மாற்றினால் எந்த ஒளியை உறிஞ்சும் என்பதும் மாறும். அதனால் உடம்புக்குள் ஓரளவு ஊடுருவும் அகச்சிவப்பு ஒளிக்குத் தோதாகச் செய்துகொள்கிறார்கள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றில் சோதித்தார்கள்: முதல் நாள் டிரிப்ஸில் ஏற்றி, மறுநாள் அந்தச் சுரப்பிக்குள் லேசர் இழையை நுழைத்தால், துகள் சேர்ந்த இடம் சூடாகிக் கட்டி வெந்துபோகும். 2019இல் வெளியான ஆய்வில் 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையை முடிக்க முடிந்தது. சிறுநீர்த் தொந்தரவோ ஆண்மைக் குறைவோ சொல்லும்படி கூடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் வெறும் 16 பேர்!

துகள் தானாகக் கட்டியைத் தேடிப் போகுமா?

போகாது. கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரமாக வளர்ந்தவை, சுவரெல்லாம் ஓட்டை. அதன் வழியே கசிந்து தங்குகிறது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். கனடாவின் டொரண்டோவில் வாரன் சான் என்ற ஆய்வாளரின் குழு பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்குப் போட்டது: ஏற்றியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம். இந்தத் துறைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் எண் இது.

அப்போ கட்டியிலேயே ஊசி போட்டால் என்ன?

பெர்லினில் அதைத்தான் செய்தார்கள். மூளைக் கட்டிக்குள் இரும்பு ஆக்சைடு துகளைச் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றினார்கள். 2010இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. ஆனால் பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் சூடாகிவிடும். அப்புறம் அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. தெளிவாக விழாது, கட்டி திரும்ப வந்ததா என்று பார்ப்பதே சிரமம்.

கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பிரான்ஸில் உருவான, ஹாஃப்னியம் என்ற கன உலோகத்தின் ஆக்சைடு துகள் அப்படிப்பட்டது. கட்டிக்குள் ஏற்றிவிட்டால் கதிர்வீச்சின் வீரியம் அங்கே கூடும். மென்திசுப் புற்றில், உயிருள்ள புற்றணு கிட்டத்தட்ட மிஞ்சாதவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம், துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 சதவீதம். எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான்.

அம்மாவுக்கு எலும்பு வரை பரவிவிட்டது சார். தங்க பஸ்பம் கொடுத்தால் இதே பலன் கிடைக்குமா?

கிடைக்காதுப்பா. அங்கே வேலை செய்வது லேசர். தங்கம் அந்த ஒளியைச் சூடாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். லேசர் படாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பரவிய நோய்க்கு இது இப்போதைக்கு வழியல்ல. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். பஸ்பம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.