திகிலுக்கு நடுவே சிரிப்பு: கேள்வி பதில்

நாகர்கோவிலில் வாசகர்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுவோம். இந்தத் தடவை பேச்சு, விறுவிறுப்பும் நகைச்சுவையும் கலந்த துப்பறியும் நாவல்களைப் பற்றி. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தக்கலை மாணவர்: அண்ணாச்சி, கொலை நடக்கிற கதையில் ஜோக் வந்தால் பயம் போய்விடாதா?

போகாது மக்களே. பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்திக்கொண்டே இருந்தால்தான் மனசு மரத்துப்போகும். சிரித்ததும் கொஞ்சம் அசந்துவிடுவோம். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்படும். கெட்டிக்கார எழுத்தாளர் இன்னொன்றும் செய்வார். முக்கியமான தடயத்தை ஜோக்குக்குள்ளேயே ஒளித்துவைப்பார். நாம் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அதனால் நாவலை முடித்த கையோடு முதல் இரண்டு அத்தியாயங்களை மறுபடி புரட்டிப் பாருங்கள். எனக்கு அதில்தான் பாதி சந்தோஷம்.

குலசேகரத்து அக்கா: எதிலிருந்து தொடங்கலாம்?

சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளிலிருந்து தொடங்குங்கள் அக்கா. 1968-இல் 'நைலான் கயிறு' தொடரில் வக்கீல் கணேஷ் மட்டும்தான் வந்தார். ஜூனியர் வசந்த் பிறகு வந்து சேர்ந்தவர். அவர் வந்ததும் கதையின் நடையே மாறிவிட்டது. வழக்கின் சிக்கலை வாசகருக்கு விளக்கியாக வேண்டும், அதை ஒருவரே சொன்னால் பாடம் மாதிரி இருக்கும். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே பேசும்போது சட்டமும் புரிகிறது, வேகமும் குறைவதில்லை. பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் சில கமென்ட்டுகள் இன்று உறுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா கதைகள். அந்த இருவரின் சீண்டல் பேச்சுக்காகவே படிக்கலாம்.

மார்த்தாண்டத்து அம்மா: பத்து வயதுப் பையனுக்கு?

தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. குருட்டு அதிர்ஷ்டத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார், ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். ரத்தம் கிடையாது. நீங்களே வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

குளச்சல் நண்பர்: பழைய தொடர்கதைகளைப் புத்தகமாகப் படிக்கும்போது ஏன் மூச்சு வாங்குகிறது?

வாராவாரம் வந்தவை அல்லவா! அடுத்த இதழை வாங்கவைக்க ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அதிர்ச்சியில் முடியும். நாலு அத்தியாயம் படித்துவிட்டு மூடிவையுங்கள். மாத நாவல்கள் வேறு ரகம், ஒரே மூச்சில் படிப்பதற்கென்றே எழுதியவை. இங்கிருந்து சென்னைக்குப் போகும் ராத்திரி ரயிலுக்கு அவைதான் சரி.

நாகர்கோவில் தங்கை: நம்ம ஊரை வைத்து இப்படி ஒரு நாவல் எழுத முடியுமா அண்ணாச்சி?

கண்டிப்பாக எழுது மக்களே, இதைத்தான் நான் ரொம்ப நாளாக எதிர்பார்க்கிறேன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் அந்த வெளிச்சங்கள் மரத்துக்கு மரம் நகரும். ஆள் கணக்கைவிட ஒரு விளக்கு கூடுதலாகத் தெரிந்தால்? அங்கேயே கதை தொடங்கிவிட்டது. களியக்காவிளையில் எல்லை தாண்டினால் கேரளா. போலீஸ் மாறும், மொழி மாறும், சாட்சி சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவும் வழி உண்டு. சிரிப்புக்குத் தனியாக ஒரு கோமாளியைக் கொண்டுவராதே. பிணத்தைப் பார்த்துப் பதறும்போதும் நம்ம ஆட்கள் பேச்சில் ஒரு நக்கல் இருக்கும், அது போதும். கொலையாளி யார் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள். முதல் அத்தியாயம் ஆனதும் கொண்டு வா, உட்கார்ந்து படிப்போம்.