தாது வருஷப் பஞ்சத்துக்குச் சூரியப் புள்ளிகளா காரணம்? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அதற்காகவா கட்டப்பட்டது?

இரண்டாவது கேள்விக்கு, பெருமளவு ஆமாம். தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876-78 பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் குறையும்போது மழையும் பொய்க்கிறது என்று அப்போது சிலர் வாதாடினார்கள். புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். பஞ்சக் காலத்தில் அவை குறைவாகத்தான் இருந்தன. சூரியனைத் தினமும் கவனித்தால் மழையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான், 1899-இல் பழனி மலைமேல் இந்த ஆய்வகம் வந்தது.

சூரியனைப் படமெடுத்த பழைய கண்ணாடித் தகடு ஒன்றைப் பாருங்கள்: வெளிறிய வட்டம், அதில் மச்சம் மாதிரி இரண்டு மூன்று புள்ளி. இதிலா பஞ்சம் ஒளிந்திருக்கும்? 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஆற்றல் மாறுவது ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். அவ்வளவு பெரிய வறட்சிக்கு அது போதாது.

குற்றவாளி கடல். 1877-இல் பசிபிக் கடுமையாகச் சூடேறி, மிக வலுவான எல் நினோ உருவானது. அதனால் தென்மேற்குப் பருவமழை படுத்துவிட்டது. ஆனால் நம்மூர்க் கணக்கு கொஞ்சம் கோணல். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாகவே பெய்யும். 2016-இல் எல் நினோ முடிந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அந்த மழை சுமார் 62 சதவீதம் குறைந்தது. ஐப்பசி மழையை நம்பும் கொடைக்கானல்காரர்கள் "எல் நினோ" என்றதும் பதறவேண்டியதில்லை.

இன்னொன்று: மழை பொய்த்தது வறட்சி. அது பஞ்சமாக மாறியது, தானிய ஏற்றுமதியை நிறுத்தாத ஆங்கிலேய அரசால். அதைச் சூரியன்மேல் போடுவது அன்றைக்கு ரொம்ப வசதியாகத்தான் இருந்திருக்கும்.